பிளெக்ஸின் வெள்ளைப் பக்கம்

கண்டனூர் வீடுகளில் கல்யாணப் போட்டோ எடுத்துப் பழகியவனுக்குச் சுவர் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசி, ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுகிற சுவர். பிளாஷை மணமக்கள் முகத்துக்கு நேரே காட்டாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால், வெளிச்சம் அதில் பட்டுப் பரவித் திரும்பி வரும். வைரத் தோடு மின்னும். ஆச்சிமாருக்குப் பத்து வயது குறையும். மாப்பிள்ளைக்குத் தலையில் முடி இருப்பதுபோலக்கூடத் தோன்றும். மரிய ஜெரால்டு பிழைப்பது கேமராவால் இல்லை, அந்தக் காலத்தில் செட்டியார்கள் முட்டையைச் சுவருக்குப் பூசியதால்தான் என்று அவன் தங்கை ஆரோக்கிய ஷீலா சொல்வாள்.

"அந்த முட்டையை நமக்குக் குடுத்திருந்தாக்க நான் இன்னேரம் இந்தியாவுக்கு ஆடிக்கிட்டு இருப்பேன்."

ஷீலா ஆடுவது கபடி. பாடிப் போகிறவள். நடுக்கோட்டைத் தாண்டி எதிராளி கூட்டத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, யாரையாவது தொட்டுவிட்டு, பிடிக்க வருகிற கைகளுக்கு மேலே எம்பித் திரும்புவாள். மானகிரியில் ஓட்டு வீடு. மழைக்கு நடுவீட்டில் குண்டான் வைக்கிற வீடு. அம்மா சூசைமேரி காரைக்குடிப் பலகாரக் கம்பெனியில் தேன்குழல் பிழிகிறவள். அப்பா மரியசூசை தவறிய பிறகு அந்த அடுப்புதான் குடும்பம். முழுசாக வருகிற தேன்குழல் சிங்கப்பூருக்குப் போகும்; உடைசல் மானகிரிக்கு வரும். ஷீலா வளர்ந்தது உடைசலில். பயிற்சிக்குப் போகும்போது ஒரு காகிதத்தில் உடைசலைக் கட்டிக்கொண்டு போவாள். வழியெல்லாம் நொறுக்கிக்கொண்டே ஓடுவாள்.

அந்த வருஷம் மானகிரிக்கு அங்குட்டு இருக்கிற செம்மண் பொட்டலில் மின்னொளிக் கபடிப் போட்டி. வழக்கமாக ஆண்கள் மட்டும். முதல் முறையாகப் பெண்கள் ஆட்டமும் ஒன்று சேர்த்திருந்தார்கள். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர் வருகிறார் என்று செய்தி. அவர் கை காட்டினால் பயிற்சி முகாம், விடுதி, மூன்று வேளை முட்டையோடு சாப்பாடு. அதன் பிறகு விளையாட்டுக்காரர்களுக்கான வேலை. சூசைமேரிக்கு அந்தப் பெயர் தெரியாத சென்னைக்காரர்தான் கொஞ்ச நாளாக ஜெபத்தில் மாதாவுக்கு அடுத்தபடியாக வந்துகொண்டிருந்தார்.

போட்டியைப் படம் எடுக்க ஜெரால்டுக்குச் சொல்லியிருந்தது கமிட்டிச் செயலாளர் காளிராஜ். ஜெரால்டு ராத்திரி ஆட்டம் எடுத்ததில்லை. கல்யாணத்தில் யாரும் எம்பிக் குதிப்பதில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளையை ஐந்து பேர் காலைப் பிடித்து இழுப்பதுமில்லை. பொட்டலில் கட்டுகிற விளக்கை நம்பி எடுத்தால் கை கால் எல்லாம் புகை மாதிரி இழுபடும். பிளாஷைக் கேமரா தலையிலேயே வைத்து அடித்தால் ஆள் காகிதத்தில் வெட்டி ஒட்டிய பொம்மை மாதிரி தட்டையாக விழும். பிளாஷைத் தனியாகத் தூரத்தில் மாட்ட வேண்டும். கேமரா தலையில் ஒரு சின்ன டப்பா, பிளாஷின் காலடியில் ஒரு சின்ன டப்பா. இங்கே பொத்தானை அமுக்கினால் கம்பியில்லாமல் அங்கே அடிக்கும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: பொட்டலில் சுவர் ஏது?

மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் பொட்டலில் நின்று சுற்றிப் பார்த்தான். தெற்கே மேடை. வடக்கே, ஆடுகளத்தின் அந்தக் கோடிக்குப் பின்னால், சவுக்குக் கம்பு நட்டுப் பெரிய பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கூரை அளவுக்கு இருந்தது. அதில் போட்டிக்கு விரிப்பும் கோப்பையும் வாங்கித் தந்த காண்ட்ராக்டர் சேவுகப்பெருமாள் ஐயா, மஞ்சளும் சிவப்புமான பின்னணியில், பல் தெரியக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். காற்றில் ஒரு மூலை புரண்டது. பின்பக்கம் வெள்ளை. சுத்தமான, பளபளப்பான வெள்ளை. ஜெரால்டுக்குக் கண்டனூர் வந்துவிட்டது.

கம்பு கட்டுகிறவர்களிடம் போனான்.

"ஏண்ணே, ஐயா மொகத்தைப் பொட்டலைப் பாத்து வைக்கிறீக? பொட்டலுக்கு வந்தவகளுக்குத்தான் ஐயாவைத் தெரியுமே. ரோட்டைப் பாத்து வச்சா திருப்பத்தூர் பஸ்ஸுல போறவகல்லாம் பாப்பாகள்ல?"

அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. ஐயாவைத் திருப்பிவிட்டார்கள். ஐயா ரோட்டைப் பார்த்துக் கும்பிட்டார். வெள்ளை முதுகு பொட்டலைப் பார்த்தது.

அந்த வெள்ளைக்கு முன்னால் ஓர் ஓரமாக உயரமான சவுக்குக் கம்பை நட்டு, அடியில் மணல் மூட்டை சாத்தி, உச்சியில் பிளாஷை இடுக்கியால் கவ்வ வைத்தான். இடுக்கி நழுவினாலும் பிளாஷ் யார் தலையிலும் விழாதபடி தனிக் கயிறு ஒன்று கட்டினான். பனிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பிளாஷின் மூஞ்சி ஆடுகளத்தைப் பார்க்கவில்லை. வெள்ளை முதுகைப் பார்த்தது. பொழுது சாய்ந்ததும் ஷீலாவைக் களத்தில் நிறுத்திச் சோதனை பார்த்தான்.

"பிளெக்ஸைப் பாத்து நில்லு. ம்... கூசுச்சா?"

"அடிச்சியா?" என்றாள் ஷீலா, வாயில் தேன்குழல். "எப்ப அடிச்ச?"

"இப்பத்தான்."

"எனக்குத் தெரியவே இல்லைண்ணே."

படத்தைக் காட்டினான். கன்னத்து வியர்வையும், முழங்காலில் கட்டிய பட்டையின் நூலும்கூடத் தெரிந்தன. முகம் முழுக்க மெத்தென்று ஒரு வெளிச்சம்.

"ஏண்ணே, நான் அழகாத்தான் இருக்கேன்" என்றாள். "இதைக் காட்டுனாலே அந்தச் சென்னைக்காரரு என்னை எடுத்துக்குவாரு. ஆடவே வேணாம்."

காளிராஜ் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து நேராக ஓடி வந்தார்.

"யாருடா ஐயாவைத் திருப்பி வச்சது?"

கம்பு கட்டியவர்கள் ஜெரால்டைக் கை காட்டினார்கள்.

"ஏம்ப்பா போட்டோ! ஐயா வந்து மேடையில குந்துனா அவருக்கு எதுத்தாப்புல என்ன தெரியும்? வெள்ளைத் துணி. எழவு வீட்டுல கட்டுன மாதிரி."

"அதில்லண்ணே. அந்த வெள்ளையில பட்டுத்தான் வெளிச்சம் திரும்பி வரும். ஆடுற புள்ளைக கண்ணுல நேரா அடிக்காது. படமும் நல்லா விழும்."

"ஐயா மொகத்துல பட்டா வெளிச்சம் திரும்பி வராதா?"

"வரும்ணே. மஞ்சளும் செவப்புமா வரும். புள்ளைகளுக்கெல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கும்."

காளிராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கமிட்டிச் செயலாளர், அவ்வளவுதான்.

"இங்க பாரு தம்பி. ஐயா சொல்லி விட்டுருக்காரு. ஆட்டப் படம் எது எடுத்தாலும் பின்னாடி அவரு மொகம் வெளங்கணும். நீ மேடைப் பக்கம் குந்திக்க. பிளாஷையும் மேடைப் பக்கம் கொண்டாந்து வையி. அங்கருந்து அடிச்சா புள்ளைகளும் தெரியும், பின்னாடி ஐயாவும் தெரிவாரு."

"அந்தக் கம்பை அங்குட்டு நடவா?"

"ஐயா மூஞ்சிக்கு முன்னால கம்பு நடுவியா? மேடைக் கம்பியிலயே மாட்டு."

"அது ஆள் ஒசரம்தான்ணே இருக்கு. பாடி வார புள்ளைக்கு நேரா கண்ணுல அடிக்கும்."

"மின்னல் அடிக்கலையா? அதுக்காக வயல்ல வேலையை நிப்பாட்டிட்டமா?" காளிராஜ் குரலைத் தாழ்த்தினார். "பொம்பளப் புள்ளைக ஆட்டமே வேணாம்னு கமிட்டியில பாதிப் பேரு நின்னாக. அரைக்கால் டவுசரு, அது இதுன்னு. ஒன் தங்கச்சி மொகத்துக்காக நாந்தான் பேசிச் சேத்தேன். ஐயா கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சாருன்னா மொதல்ல தூக்குறது அந்த ஆட்டத்தைத்தான். பாத்துக்க."

ஜெரால்டு ஷீலாவைப் பார்த்தான். அவள் கோட்டுக்கு வெளியே குனிந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். சென்னைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். சூசைமேரி வேலையிலிருந்து நேராக வந்து, எண்ணெய் வாடையோடு, பெண்கள் பக்கத்தில் முதல் ஆளாக நின்றாள்.

பிளெக்ஸில் ஐயா மறுபடி பொட்டலைப் பார்க்கத் திரும்பினார். பிளாஷ் மேடைக் கம்பியில் ஏறியது. சேவுகப்பெருமாள் வந்து உட்கார்ந்து எதிரே தன்னைத் தானே பார்த்தார். அவர் இவரைக் கும்பிட்டார். இவர் அவரைக் கும்பிடவில்லை, அவ்வளவே.

ஷீலா அணிக்கு முதல் பாதியில் மேடைப் பக்கம் விழுந்தது. அதாவது அவள் பாடிப் போகும்போது பிளாஷுக்கு முதுகு காட்டிப் போவாள். எதிர் அணி இளையாத்தங்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் பாடி வரும்போது பிளாஷைப் பார்த்து வர வேண்டும். அந்த அணியின் காளீஸ்வரி முதல் முறை உள்ளே வந்து காலை வீசியபோது ஜெரால்டு பொத்தானை அமுக்கினான். காளீஸ்வரி ஒரு கணம் நின்றாள். ஏழு பேரும் அவள் மேல் விழுந்தார்கள். கூட்டம் விசிலடித்தது.

இரண்டாம் முறையும் அப்படித்தான். காளீஸ்வரி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நடுவரிடம் போனாள்.

"சார், வெளிச்சம் கண்ணுல அடிக்குது சார். ஒண்ணும் தெரியலை."

நடுவர் பிளாஷைப் பார்த்தார். பிளாஷுக்குப் பின்னால் ஐயாவைப் பார்த்தார். "ஆடும்மா, ஆடு" என்றார்.

ஜெரால்டுக்கு அப்போது புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் அமுக்கினான். தங்கை அணி முன்னேறிக்கொண்டிருந்தது. சென்னைக்காரர் முன்னால் சாய்ந்து ஷீலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். படங்களும் நன்றாக விழுந்தன. எல்லாவற்றிலும் ஐயா இருந்தார். எந்தப் பக்கம் போனாலும் லாபமாக இருக்கிற நேரத்தில் மனுசனுக்கு விரல் தானாக வேலை செய்யும்.

இடைவேளையில் ஷீலா தண்ணீர் குடிக்க வந்தாள். மூச்சு வாங்கியது.

"அந்தக் காளீஸ்வரிப் புள்ளைக்குக் கண்ணு கூசுதாம்ண்ணே. அதை அணைச்சிரு."

"காளிராஜ் அண்ணன் விட மாட்டாருத்தா. நீ ஆடு. அடுத்த பாதி நீ இந்தப் பக்கம் பாத்து வருவ. நீ வாரப்ப நான் அடிக்க மாட்டேன்."

ஷீலா தண்ணீர்ப் பாட்டிலை மூடினாள்.

"எனக்கு மட்டும் அடிக்காம இருந்தா அது என்ன ஆட்டம்? எல்லாருக்கும் அணை. இல்லாட்டி எனக்கும் அடி."

"சரி, சரி. அணைச்சிர்றேன். போ."

அணைக்கவில்லை. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தான். தங்கை வரும்போது விரலைத் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

இரண்டாம் பாதியில் முதலில் தூக்கிக்கொண்டான்தான். ஷீலா வந்தாள், தொட்டாள், போனாள். பிறகும் வந்தாள். மூன்று பிள்ளைகள் கை கோத்துச் சங்கிலி போட்டு அவளைத் திரும்பவிடாமல் வளைத்தார்கள். ஷீலா பின்வாங்கவில்லை. ஓரடி முன்னால் வைத்து, பக்கவாட்டில் முறுக்கி, அந்தச் சங்கிலிக்கு மேலே எம்பினாள். செம்மண் புழுதி அவளோடு கூட எழுந்தது. ரிப்பன் அவிழ்ந்து சடை மேலே பறந்தது. கைகள் இரண்டும் விரிந்திருந்தன. முறுக்கிய வேகத்தில் முகம் கேமராவுக்கு நேராகத் திரும்பியது. படம் எடுக்கிறவன் தன் வாழ்நாளில் காத்துக் கிடக்கிற கணம் அது. அது தங்கையாக இருந்தது தற்செயல்.

விரல் இறங்கிவிட்டது.

தரையில் கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் ஷீலா இறங்கினாள். வலது கால் விரிப்பின் விளிம்பில் பாதியும் மண்ணில் பாதியுமாக விழுந்தது. முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. சத்தம் மேடை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். சூசைமேரி "சேசுவே" என்று கத்தியதுதான் ஜெரால்டுக்குக் கேட்டது. சங்கிலி போட்ட பிள்ளைகள்தான் முதலில் அவளைத் தூக்கினார்கள். காளீஸ்வரி தன் கைலேஞ்சியை நனைத்து அவள் கண்ணைத் துடைத்தாள், காலை விட்டுவிட்டு.

"கண்ணு தெரியலைத்தா அவளுக்கு. எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆட்டம் நின்ற நேரத்தில் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நேரத்தை வீணாக்கக் கூடாது என்று காளிராஜ் ஏற்பாடு. "போட்டோ! ஏம்ப்பா போட்டோ!" என்று மைக்கில் கூப்பிட்டார். போட்டோ அப்போது தங்கையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் மூட்டுக்குள் நார் இரண்டு அறுந்துவிட்டது என்றார்கள். தைத்தார்கள். நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், குதிக்கக் கூடாது. கொஞ்சம் இழுத்து நடப்பாள், அது போகப் போகச் சரியானாலும் ஆகும், ஆகாமலும் இருக்கும் என்று டாக்டர் இரண்டு பக்கத்துக்கும் இடம் வைத்துச் சொன்னார். சென்னைக்காரர் காளீஸ்வரியை எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் அந்தப் பெண் யாராலும் பிடிக்க முடியாதபடி ஆடினாளாம். கூசாத கண்ணோடு ஆடினால் ஆடத்தானே செய்வாள் என்று ஷீலா சொன்னாள். அதில் பொறாமை இல்லை. இருந்திருந்தால் ஜெரால்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சேவுகப்பெருமாள் வீட்டுக்கே வந்தார். பின்னால் காளிராஜ், ஆப்பிள் பையோடு. ஐயா உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஷீலாவின் தலையில் கை வைத்து, "ஒண்ணும் கவலைப்படாதத்தா, மனசை விட்டுறாத" என்றார். சூசைமேரி உடைசல் இல்லாத தேன்குழல் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தட்டில் வைத்தாள்.

"அந்தப் படம் எடுத்தியாமே தம்பி? காளிராஜ் சொன்னான். காட்டு பாப்போம்."

ஜெரால்டு காட்டாமல் இருந்திருக்கலாம். ஷீலாதான் "காட்டுண்ணே" என்றாள்.

படத்தில் ஷீலா வானத்தில் நின்றாள். கைகள் இறக்கை மாதிரி. கண் இரண்டும் விரியத் திறந்து எரிந்தன. பின்னால் பெரிதாக ஐயா கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவரே அந்தப் பெண்ணைத் தூக்கிப் பறக்க விட்டதுபோல இருந்தது.

"அடேயப்பா" என்றார் ஐயா. "பார்வையைப் பாரு காளிராஜ். நெருப்பு மாதிரி. எதிராளி அந்தப் பார்வையிலயே செத்துருப்பான்."

"அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க ஐயா" என்றாள் ஷீலா. "வெள்ளையா இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

ஐயா சிரித்தார். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டார். படத்தைத் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார்.

"நானும் நல்லாத்தான் விழுந்திருக்கேன், என்ன?"

கிளம்பும்போது வாசலில் நின்று மேலே பார்த்தார். ஓடு சரிந்த இடத்தைக் காளிராஜிடம் காட்டினார். "மழைக்கு ஒழுகுமே இது. அந்தப் பழைய பிளெக்ஸைக் கொண்டாந்து போட்டுக் குடுங்கப்பா. சும்மாதானே கெடக்கு." மறுநாளே ஆட்கள் வந்து ஓட்டுக்குக் கீழே சட்டங்களின் மேல் அதை விரித்துக் கட்டிவிட்டுப் போனார்கள். ஐயாவின் முகம் ஒழுகுகிற மழையை வாங்கட்டும் என்று மேலே. வெள்ளை முதுகு வீட்டுக்குள் கீழே. அடுத்த வருஷப் போட்டிக்கு அடித்த புதுப் பிளெக்ஸில் ஷீலாவின் படம் இருந்தது. கீழே 'எங்கள் மண்ணின் வீர மங்கை' என்று போட்டிருந்தார்கள். பெண்கள் ஆட்டம் அந்த வருஷம் இல்லை, பிள்ளைகளுக்கு அடிபடுகிறதாம்.

பலகாரக் கம்பெனியில் சூசைமேரியோடு வேலை பார்க்கும் மலையம்மாள் மூலமாக ஒரு சம்பந்தம் வந்தது. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம வேதக்காரக் குடும்பம், பையன் திருப்பூரில். முதலில் போட்டோ கேட்டார்கள்.

"செல்லுல ஒண்ணு எடுத்து அனுப்பும்மா, போதும்" என்றாள் ஷீலா.

"வீட்டுலயே போட்டோக்காரன வச்சுக்கிட்டுச் செல்லுல எடுப்பாகளா?" சூசைமேரி அலமாரியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்துப் போட்டாள். "ஏய்யா செரால்டு, அந்தப் பெரிய கேமராவை எடு. நிக்கிறாப்புல எடு. நடக்குறாப்புல வேணாம்."

வெளியே மழை பிடித்திருந்ததால் நடுவீட்டிலேயே நிறுத்தினார்கள். மழைக்குக் கரண்டும் போயிருந்தது. ஜெரால்டு பிளாஷை ஸ்டாண்டில் மாட்டி அவளைப் பார்த்து வைத்து அமுக்கினான். ஷீலாவின் கண் மூடியிருந்தது. இன்னொன்று எடுத்தான். மூடியிருந்தது. அடுத்ததும்.

"கண்ணைத் தொறந்து வையித்தா" என்றாள் சூசைமேரி. "குருட்டுப் புள்ளைன்னு நெனச்சுக்கப் போறாக."

"நான் தொறந்துதான்ம்மா வைக்கிறேன். அண்ணன் அமுக்குறது எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோகுது. தானா மூடிக்கிது."

"அன்னைக்கு அந்தப் படத்துல மட்டும் அம்புட்டுப் பெருசாத் தொறந்திருந்த?"

ஷீலா தலையைக் குனிந்து புடவை மடிப்பை நீவினாள். ஜெரால்டும் தலை நிமிரவில்லை. ஸ்டாண்டின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தவன், எதற்கோ மேலே பார்த்தான். தலைக்கு மேலே முழுசாக வெள்ளை. மழை ஓட்டு வழியாக இறங்கி அதன் மேல் தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஐயா ஓட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி நனைந்துகொண்டிருந்தார்.

பிளாஷின் மூஞ்சியை மெதுவாக மேலே திருப்பினான்.

"அண்ணே, அடிச்சியா?"

"ம்."

"எப்ப?"

அவன் படத்தைப் பார்த்தான். கண் திறந்திருந்தது. பச்சைப் புடவையின் மடிப்பு, கழுத்துச் சிலுவை, கன்னத்தில் மெத்தென்று இறங்கிய வெளிச்சம். ஷீலா சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து வந்து, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கூசவே இல்லைண்ணே" என்றாள்.

ஜெரால்டு பிளாஷை அணைத்தான். அணைத்ததையே திரும்பவும் அணைத்தான்.

அடுப்படியிலிருந்து சூசைமேரி குரல் கொடுத்தாள். "செரியா விழுந்திருச்சா? கால் தெரியுதா?"

"தெரியலைம்மா."

"அப்ப அதையே அனுப்பு."